சோதோமும் நினிவேயும்: தெய்வ கோபத்துக்கு ஆளான நகரங்களின் கதைகள், ஓர் எளிய அறிமுகம்

ஒரு நகரத்தில் அநியாயம் பெருகுகிறது. அதற்கு ஆளானவர்களின் அழுகுரல் வானத்தை எட்டுகிறது. எச்சரிக்க ஒருவர் வருகிறார். ஊர் அவரை ஏளனம் செய்கிறது, அல்லது தாக்க வருகிறது. அவரும் அவரைச் சேர்ந்த சிலரும் மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றப்படுகிறார்கள். பொழுது விடியும்போது நகரம் இல்லை. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய வேதங்கள் மூன்றிலும் இந்தக் கதை உண்டு. சோதோம், கொமோரா என்ற பெயர்களைப் பைபிளைத் திறந்தே பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அவர்கள் கேள்விப்பட்டிருப்பது பெரும்பாலும் நெருப்பைப் பற்றித்தான். வானத்திலிருந்து கந்தகமும் அக்கினியும் பொழிந்தன, திரும்பிப் பார்த்தவள் உப்புத்தூண் ஆனாள் என்ற இரண்டு காட்சிகளோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை எடுத்து வாசித்தால், நெருப்புக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஓரிரு வசனங்களே. அதற்கு முன்பு, இந்த நகரத்தை அழிப்பது நியாயமா என்று ஒரு மனிதன் கடவுளிடமே நீண்ட வாதம் செய்கிறான். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதைகளின் உயிர் அந்த வாதத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் உலகத்தில் ஏராளமான தீங்கு செய்திருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கதையின் களம்

இஸ்ரேல், பாலஸ்தீனத்தின் மேற்குக் கரை, ஜோர்டான் ஆகியவற்றுக்கு நடுவே கிடக்கிறது சாக்கடல். கடல் என்று பெயரே தவிர அது ஏரி. அதன் நீர்மட்டம் உலகின் கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இருக்கிறது. பூமியின் தரைப்பரப்பில் அதன் கரையை விடத் தாழ்ந்த இடம் வேறில்லை. சாதாரணக் கடல்நீரைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு கொண்ட அந்த நீரில் மீன்கள் வாழ்வதில்லை. தென்மேற்குக் கரையில் முழுக்க உப்புப் பாறையாலான ஒரு குன்றுத்தொடர் நீள்கிறது. அதிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் ஒரு தூணை 'லோத்தின் மனைவி' என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். அடியிலிருந்து கிளம்பிய நிலக்கீல் கட்டிகள் அந்த நீரில் மிதந்ததைப் பழங்கால எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உப்பும் கீலும் கந்தகமுமாகக் கிடக்கும் அந்த நிலத்தைப் பார்த்த எந்தக் காலத்து மனிதனும், இங்கே முன்பு என்னவோ நடந்திருக்கிறது என்று நினைத்திருப்பான்.

ஆதியாகமம் காட்டும் பழைய நிலமோ வேறு. யோர்தான் நதியின் சமவெளி அன்று கடவுளின் தோட்டம் போலவும் எகிப்து தேசம் போலவும் நீர்வளம் மிக்கதாக இருந்ததாம். இஸ்ரவேலரின் மூதாதையான ஆபிரகாமின் மேய்ப்பர்களுக்கும் அவருடைய சகோதரர் மகன் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் சண்டை மூண்டபோது, விருப்பமான பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்படி ஆபிரகாம் லோத்திடமே விட்டுவிட்டார். லோத்து செழிப்பைப் பார்த்தார். சோதோம் பக்கம் போனார். முதலில் ஊருக்கு அருகே கூடாரம். பிறகு ஊருக்குள்ளேயே வீடு. கதையின் கடைசி இரவில் அவர் நகர வாசலில், அதாவது ஊர்ப் பெரியவர்கள் கூடும் இடத்தில், உட்கார்ந்திருக்கிறார்.

சோதோம், கொமோரா, அத்மா, செபோயீம், சோவார் என்று அங்கே ஐந்து நகரங்கள். பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு செய்தி 14ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த அரசர்கள் சோதோமைச் சூறையாடி, லோத்து உட்பட மக்களைச் சிறைபிடித்துச் செல்கிறார்கள். ஆபிரகாம் தன் வீட்டில் பிறந்த 318 ஆட்களோடு துரத்திச் சென்று அனைவரையும் மீட்கிறார். பொருள்களை நீரே வைத்துக்கொள்ளும் என்று சோதோமின் அரசன் சொல்ல, ஒரு நூலையோ செருப்பின் வாரையோகூடத் தொடமாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். பின்னால் அவர் யாருக்காக வாதாடுகிறாரோ, அவர்கள் இப்படி அவர் ஏற்கெனவே ஒரு முறை உயிரோடு மீட்டுக் கொண்டுவந்தவர்கள்.

ஐம்பதிலிருந்து பத்து வரை

18ஆம் அத்தியாயம் ஒரு விருந்தில் தொடங்குகிறது. நல்ல வெயில் நேரம். கூடார வாசலில் இருக்கும் ஆபிரகாம், மூன்று வழிப்போக்கர்கள் நிற்பதைக் கண்டு ஓடிப்போய் வரவேற்கிறார். கால் கழுவத் தண்ணீர், அப்பம், வெண்ணெய், பால், இளங்கன்றின் இறைச்சி. வந்தவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர் என்பது அவருக்கு அப்போது தெரியாது. விருந்து முடிந்து அவர்களை வழியனுப்பும்போது கடவுள் பேசுகிறார்: சோதோம், கொமோராவிலிருந்து எழும் கூக்குரல் பெரிதாக இருக்கிறது, அங்கே நடப்பது அந்தக் கூக்குரலுக்கு ஏற்றபடிதானா என்று இறங்கிப் போய்ப் பார்த்து அறிவேன்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கதையைத் தொடங்கி வைப்பது யாரோ ஒருவரின் கூக்குரல். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் எழுப்பியதாக பைபிளின் அடுத்த நூலான யாத்திராகமம் சொல்லுவதும் இதே போன்ற ஒரு கூக்குரலைத்தான். துன்புறுத்தப்பட்டவர் முறையிடுகிறார், அது செவியில் விழுகிறது. இரண்டாவது, செவியில் விழுந்த உடனே தண்டனை கிடையாது. நேரில் வந்து விசாரணை. எல்லாம் அறிந்தவர் என்று நம்பப்படும் கடவுளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றால், கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்பு எழுதும் மனிதர்களுக்கு அதில் எச்சரிக்கை இருக்கிறது என்று யூத உரையாசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அப்போது ஆபிரகாம் குறுக்கே நிற்கிறார். துன்மார்க்கனோடு நீதிமானையும் அழிப்பீரோ என்று கேட்கிறார். 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்பது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள அவருடைய வார்த்தை. நகரத்தில் ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? அவர்களுக்காக முழு நகரத்தையும் விட்டுவிடுவேன் என்று பதில் வருகிறது. நாற்பத்தைந்து? நாற்பது? முப்பது? இருபது? பத்து? நான் தூசியும் சாம்பலுமானவன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று ஒவ்வொரு படியிலும் பணிந்துகொண்டே, ஆனால் கேள்வியைக் கைவிடாமல் கீழே இறங்குகிறார். ஆறு முறையும் ஒப்புதல் கிடைக்கிறது. பத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இந்த வாதத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. நல்லவர்களை மட்டும் பிரித்தெடுத்துக் காப்பாற்றும் என்று ஆபிரகாம் கேட்கவில்லை. நல்லவர் சிலருக்காக மொத்த ஊரையும் மன்னியும் என்று கேட்கிறார். கெட்டவர்களின் உயிருக்கும் சேர்த்தே அவர் மன்றாடுகிறார். கோபத்தின் கதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கதை, இரக்கத்தின் எல்லை எதுவரை என்று தேடும் கதையாகவும் இருக்கிறது.

19ஆம் அத்தியாயத்தில் இரண்டு தூதர்கள் மாலையில் சோதோமுக்கு வருகிறார்கள். லோத்து அவர்களை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறார். படுக்கப் போகும் முன்பே வாலிபர் முதல் கிழவர் வரை ஊர் ஆண்கள் எல்லோரும் வீட்டைச் சூழ்ந்து, விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்வதற்காக வெளியே அனுப்பச் சொல்கிறார்கள். லோத்து அவர்களுக்குப் பதிலாகத் தன் இரண்டு மகள்களைத் தருவதாகச் சொல்கிறார். இந்த வசனத்தை மென்மையாக்க எத்தனையோ விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எதுவும் என் மனத்தை ஆற்றவில்லை. விருந்தோம்பலின் பெயரால் பெண்களைப் பலியிட முன்வருவது கொடுமை. கதையே அவரை முழு நல்லவராகக் காட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூட்டமோ 'பிழைக்க வந்த அந்நியன் நமக்கு நியாயம் பேசுகிறான்' என்ற தொனியில் அவர்மேலேயே பாய்கிறது. தூதர்கள் அவரை உள்ளே இழுத்துக் கதவை அடைத்து, கூட்டத்தின் கண்களைக் குருடாக்குகிறார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக நடக்கிறது. நகரம் அழியப்போகிறது, வெளியேறுங்கள் என்று தூதர்கள் சொல்கிறார்கள். லோத்து போய்ச் சொன்னால், அவர் விளையாடுவதாக மருமகன்கள் நினைக்கிறார்கள். லோத்தே தயங்க, தூதர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். திரும்பிப் பார்க்காதே என்று கட்டளை. சூரியன் உதிக்கிறது, சோவார் என்ற சிற்றூருக்குள் லோத்து நுழைகிறார், நெருப்பு விழுகிறது. பெயர் சொல்லப்படாத அவர் மனைவி பின்னால் திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆகிறாள். அதே காலையில் ஆபிரகாம் முந்தின நாள் வாதாடிய இடத்துக்கே போய் நின்று பார்க்கிறார். சூளையின் புகையைப் போலப் புகை எழும்பிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊர் செய்த பாவம் என்ன?

ஓரினச் சேர்க்கைதான் சோதோமின் பாவம் என்ற விடைதான் இன்று பரவலாக உலவுகிறது. கிறிஸ்தவ மரபின் பெரும்பகுதி நூற்றாண்டுகளாக அப்படிப் போதித்திருக்கிறது. ஐரோப்பியச் சட்டங்கள் அந்த வாசிப்பின் நிழலில் எழுதப்பட்டன. 1860இல் ஆங்கில ஆட்சி கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவும் அந்த மரபிலிருந்து வந்ததுதான். வயதுவந்த இருவர் மனமொப்பி வாழ்வதைக் குற்றமாக்கிய அதன் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியது. ஆனால் ஆதியாகமத்தில் வீட்டைச் சூழ்ந்த கூட்டம் செய்ய வந்தது கூட்டுப் பலாத்காரம். அடைக்கலம் தேடி வந்த அந்நியரை அவமானப்படுத்தும் வன்முறை அது. அதை இருவரின் இசைவோடு ஒப்பிடுவது பொருந்தாது என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படுகிறேன்.

பைபிளுக்குள்ளேயே வேறு விடைகள் இருக்கின்றன. எசேக்கியேல் தீர்க்கதரிசி 16ஆம் அத்தியாயத்தில் சோதோமின் அக்கிரமத்தைப் பட்டியலிடுகிறார்: கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, கவலையற்ற சுகம், இவ்வளவும் இருந்தும் ஏழை எளியவனின் கையைத் தாங்காமை. அருவருப்பான செயல்களும் அதற்கடுத்த வசனத்தில் வருகின்றன. ஆனால் பட்டியலின் தொடக்கம் சோறும் கர்வமும்தான். ஏசாயா தீர்க்கதரிசி எருசலேமின் தலைவர்களையே 'சோதோமின் அதிபதிகளே' என்று கூப்பிட்டு, திக்கற்ற பிள்ளைக்கு நியாயம் செய்யுங்கள், விதவைக்காக வழக்காடுங்கள் என்கிறார். சீடர்களை ஏற்றுக்கொள்ளாத ஊரைச் சொல்லும்போது இயேசுவும் சோதோமை எடுத்துக்காட்டுகிறார். நியாயத்தீர்ப்பு நாளில் அந்த ஊரை விட சோதோமின் நிலை தாங்கக்கூடியதாக இருக்குமாம்.

யூத மத அறிஞர்களான ரபீக்கள் இதை இன்னும் விரித்தார்கள். கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்ற பாபிலோனியத் தல்மூத் என்ற யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பின் சன்கெத்ரின் பகுதியில் சோதோமைப் பற்றி ஒரு கதைக்கொத்து இருக்கிறது. படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கும் கதைகள் அவை. பிச்சைக்காரன் ஒருவன் ஊருக்குள் வந்தால் ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய காசு ஒன்றை அவனுக்குத் தருவார்கள். ஆனால் யாரும் அவனுக்கு அப்பம் விற்கமாட்டார்கள். கை நிறையக் காசோடு அவன் பட்டினியால் சாவான். பிறகு அவரவர் தம் பெயருள்ள காசை எடுத்துக்கொண்டு போவார்கள். ஓடத்தில் ஆற்றைக் கடந்தால் நான்கு காசு. ஓடம் வேண்டாம் என்று தண்ணீரில் இறங்கி நடந்து கடந்தால் எட்டு. வழிப்போக்கர்களைக் கிடத்த ஒரு கட்டில் உண்டு. நெட்டையாக இருந்தால் காலை வெட்டுவார்கள், குட்டையாக இருந்தால் இழுத்து நீட்டுவார்கள். ஓர் இளம்பெண் குடத்துக்குள் ஒளித்து ஏழை ஒருவனுக்கு அப்பம் கொடுத்துவந்தாள். கண்டுபிடித்ததும் அவள் உடலெங்கும் தேனைப் பூசி மதில்மேல் நிறுத்தினார்கள்; குளவிகள் கொட்டி இறந்தாள். கடவுளின் காதில் விழுந்த கூக்குரல் அந்தப் பெண்ணுடையது என்கிறார்கள் ரபீக்கள்.

அந்தக் கட்டிலும் காசும் ஓடமும் சொல்வது ஒன்றைத்தான்: சோதோமில் கொடுமை சட்டத்தின் வடிவத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் விதி உண்டு, நீதிபதி உண்டு, தீர்ப்பு உண்டு. 'என்னுடையது என்னுடையது, உன்னுடையது உன்னுடையது' என்று வாழ்வது நடுத்தரமான குணம் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு ஓரிடத்தில் சொல்லிவிட்டு, சிலர் கருத்தில் அதுவே சோதோமின் குணம் என்றும் சேர்க்கிறது. பிறருக்குப் பயன்படும், தனக்கு எந்த இழப்பும் இல்லை என்ற நிலையிலும் ஒருவர் மறுத்தால், 'சோதோம் குணம்' காட்டாதே என்று அவரை நீதிமன்றம் வற்புறுத்தலாம் என்ற நெறியே யூதச் சட்டத்தில் வளர்ந்தது.

குர்ஆனில்

குர்ஆனில் லூத் ஓர் இறைத்தூதர். பைபிளின் தடுமாறும் லோத்தை விட உயர்ந்தவர். அவருடைய மக்கள் ஆண்களை இச்சித்ததைக் குர்ஆன் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. அதோடு அவர்கள் வழிப்பறி செய்ததையும், தங்கள் சபைகளிலேயே தீமை செய்ததையும் 29ஆம் அத்தியாயம் சேர்த்துச் சொல்கிறது. தண்டனை வந்தபோது ஊர் தலைகீழாகப் புரட்டப்பட்டது. சுட்ட களிமண் கற்கள் பொழிந்தன. லூத்தின் மனைவி பின்தங்கி அழிந்தாள். உப்புத்தூண் செய்தி இங்கே இல்லை. இப்ராஹீம் நபி, அதாவது ஆபிரகாம், அந்த மக்களுக்காக வாதாடியதை 11ஆம் அத்தியாயம் குறிப்பிட்டு, அவர் பொறுமை மிக்கவர், இளகிய மனத்தவர் என்று புகழ்கிறது. இந்த விஷயம் முடிந்துவிட்டது, விட்டுவிடும் என்றே அவருக்குப் பதில் கிடைக்கிறது.

அதே அத்தியாயத்தில் வரிசையாக வேறு சமூகங்களும் வருகின்றன. ஹூத் நபியை மறுத்த ஆது கூட்டத்தார்மேல் ஏழு இரவும் எட்டுப் பகலும் கடுங்காற்று வீசியதாக வேறோர் அத்தியாயம் சொல்கிறது. ஷுஐப் நபி அனுப்பப்பட்ட மத்யன் மக்களின் குற்றங்களில் முக்கியமானது அளவையிலும் நிறையிலும் மோசடி. எடைக்கல்லில் செய்யும் திருட்டு ஒரு நாகரிகத்தையே வீழ்த்தப் போதுமானது என்பதை நான் மிக முக்கியமான பார்வையாக நினைக்கிறேன். ஸாலிஹ் நபியின் ஸமூது மக்களுக்கு ஒரு பெண் ஒட்டகம் சோதனையாக வந்தது. ஊர்க் கிணற்றில் ஒரு முறை ஒட்டகத்துக்கு, ஒரு முறை மக்களுக்கு என்று தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் ஒட்டகத்தை வெட்டிப்போட்டார்கள்.

ஸமூதோடு மரபு இணைக்கும் ஹிஜ்ர், இன்றைய சவூதி அரேபியாவின் வடமேற்கில் உள்ளது. பாறையில் குடைந்த அதன் பிரம்மாண்ட முகப்புகள் நபத்தேயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய கல்லறைகள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தபூக் பயணத்தில் அந்த வழியாகச் சென்ற முஹம்மது நபி, தண்டிக்கப்பட்டவர்களின் இருப்பிடங்களுக்குள் அழுதபடி அல்லாமல் நுழையாதீர்கள் என்று தோழர்களிடம் சொன்னதாக, அவர் சொல்லையும் செயலையும் பதிவு செய்யும் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அழிந்த ஊரின் முன்னால் நிற்க வேண்டிய முறை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை.

அழியாமல் போன நகரம்

இந்த வகைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அழிவு நடக்காத கதை. யோனா என்ற தீர்க்கதரிசியை நினிவேக்குப் போகச் சொல்கிறார் கடவுள். நினிவே அசீரியப் பேரரசின் மாநகரம். இஸ்ரவேல் நாட்டை கி.மு. 722ஐ ஒட்டி நசுக்கி மக்களை நாடுகடத்திய அரசு அது. பகைவனின் தலைநகருக்கு எச்சரிக்கை கொண்டுபோக யோனாவுக்கு மனமில்லை. கப்பலேறி எதிர்த்திசையில் ஓடுகிறார். புயல், பெரிய மீன் என்று எல்லோருக்கும் தெரிந்த பகுதி அது. கடைசியில் நினிவேக்குள் நின்று, இன்னும் நாற்பது நாளில் இந்த நகரம் கவிழ்க்கப்படும் என்று அறிவிக்கிறார்.

ஊர் கேட்டுக்கொள்கிறது! அரசன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்காருகிறான். அவரவர் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்று ஆணை போகிறது. நகரம் தப்புகிறது. யோனாவுக்கோ கடும் கோபம். ஊருக்குக் கிழக்கே குடிசை போட்டு உட்கார்ந்து, இனியாவது ஏதாவது நடக்குமா என்று பார்க்கிறார். நிழல் தந்த ஆமணக்குச் செடி பூச்சி அரித்து வாடியதும் அதற்காக வருந்துகிறார். ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருந்தினால், வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனிதரும் ஏராளமான கால்நடைகளும் உள்ள நினிவேக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு நூல் முடிகிறது. கால்நடைகளைக்கூட மறக்காத இரக்கம். யூதர்கள் தங்கள் பாவ நிவாரண நாளின் பிற்பகலில் இந்த நூலை வாசிக்கிறார்கள். குர்ஆனும் யூனுஸ் நபியின், அதாவது யோனாவின், மக்கள் நம்பிக்கை கொண்டு தப்பியதைத் தனிச் சிறப்பாகச் சொல்கிறது.

வரலாற்று நினிவே கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து தாக்கியதில் வீழ்ந்தது. இராக்கின் மோசூலுக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றின் மறுகரையில் அதன் மேடுகள் கிடக்கின்றன. அந்த வீழ்ச்சியைக் கொண்டாடும் நாகூம் என்ற நூலும் பைபிளில் இருக்கிறது. ஒரே நகரம், ஒரு நூல் அதன் அழிவில் மகிழ்கிறது, இன்னொன்று அது தப்பியதற்காகக் கடவுளின் பக்கம் நின்று பேசுகிறது. இரண்டையும் வேதம் அருகருகே வைத்திருக்கிறது.

மற்ற மரபுகளிலும்

வேதங்களுக்கு வெளியிலும் இந்தச் சரடு ஓடுகிறது. ரோமக் கவிஞர் ஓவிட் பதிவு செய்த கதையில், இரண்டு தெய்வங்கள் மாறுவேடத்தில் ஆயிரம் வீடுகளின் கதவைத் தட்டி விரட்டப்படுகின்றன. ஏழை முதிய தம்பதியர் மட்டும் விருந்தளிக்கிறார்கள், அவர்கள் தவிர ஊர் முழுக்க வெள்ளத்தில் மூழ்குகிறது. சுமேரியர்கள் ஊர் என்ற தங்கள் மாநகரம் கி.மு. 2000ஐ ஒட்டி வீழ்ந்தபோது பாடிய புலம்பல்கள் இதற்கு நேர் எதிரானவை. அங்கே நகரத்தின் மேல் எந்தப் பாவமும் சுமத்தப்படவில்லை. தெய்வங்களின் சபை முடிவெடுத்துவிட்டது, அவ்வளவுதான். நகரத்தின் சொந்த தெய்வமான நின்கல் கெஞ்சியும் பலிக்காமல் கண்ணீர் விடுகிறாள்.

நம் காப்பியங்களிலும் உண்டு. இந்திர விழா நின்றுபோனதால் புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலை சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரிக்கும் கண்ணகி, ஆபிரகாம் எழுப்பிய அதே கேள்விக்குத் தன் விடையைத் தருகிறாள். 'பார்ப்பார் அறவோர் பசுப்பத் தினிப்பெண்டிர் மூத்தோர் குழவி' என்னும் இவர்களைத் தொடாமல் விட்டு, தீயவர் பக்கமே சேர்க என்று தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். நெருப்பு ஆள் பார்த்து எரிய வேண்டும் என்கிறாள். ஊர் முழுவதும் குற்றவாளி அல்ல என்பது அந்தக் கோபத்தின் உச்சத்திலும் அவளுக்கு நினைவிருக்கிறது.

உண்மையில் நடந்ததா?

சோதோம் இதுதான் என்று உறுதியாகக் காட்டும் சான்று எதுவும் கிடைக்கவில்லை. சாக்கடலின் தென்கிழக்கே ஜோர்டானில் உள்ள பாப் அத்-த்ரா, நுமைரா ஆகிய இடங்களில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் அழிந்த மதில் சூழ்ந்த ஊர்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவற்றின் நினைவே கதையாக வளர்ந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். வடகிழக்கே உள்ள தல் அல்-ஹம்மாம் மேட்டின் மேல், ஏறத்தாழ கி.மு. 1650இல் விண்கல் ஒன்று வானிலேயே வெடித்து நகரத்தை அழித்தது என்று 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. சோதோம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உலகமெங்கும் செய்தி பரவியது. அதன் தரவுகளையும் படங்களையும் வேறு அறிவியலாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். 2025இல் அதை வெளியிட்ட ஆய்விதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் செய்தி போன தூரத்துக்கு இரண்டாவது செய்தி போகவில்லை. இன்றும் பகிரப்படும் காணொளிகளை நம்பும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதையைத் திருப்பிப் பிடிப்பவர்கள்

மேலே சொன்ன தீங்குக்கு இப்போது வருகிறேன். பேரழிவு நடந்த ஊரைக் காட்டி, அவர்கள் பாவிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடும் பழக்கம் மிகப் பழையது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாளன்று, லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கம் குலைத்தது. ஆலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள்மேல் கூரைகள் விழுந்தன. அதற்குப் பிறகும், காரணம் நகரத்தின் பாவமே என்று மலாக்ரிடா என்ற துறவி சிறுநூல் எழுதி வெளியிட்டார்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு 1934 ஜனவரி 15 அன்று நடந்த பீகார் நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தி, அதே மாதம் 24ஆம் தேதி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையாக இதைத் தாம் கருதுவதாகச் சொன்னார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு நின்ற தாகூர் அதிர்ந்துபோய் மறுப்பு எழுதினார். இயற்கைப் பேரிடர்களுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு என்றார். தொலைவில் பத்திரமாக இருக்கும் குற்றவாளிகளுக்குப் பாடம் கற்பிப்பதற்காகக் குழந்தைகளையும் தீண்டாமைக்கு ஆளானவர்களையுமே கொன்று காட்டும் ஆட்சியாளனை நாகரிக உலகம் ஏற்காது என்றார். காந்தியின் எதிரிகளும் இதே வாதத்தை எடுத்து, அவருடைய இயக்கத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று சொல்ல முடியுமே என்றும் கேட்டார். காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே அந்த மறுப்பை வெளியிட்டுத் தம் பதிலையும் எழுதினார், நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. தீண்டாமை பெரும்பாவம் என்பதில் காந்தியோடு முழுமையாக நிற்கிறேன். நிலநடுக்கத்தைப் பற்றி தாகூர் சொன்னதே சரி. ஆபிரகாம் கடவுளிடம் எழுப்பிய கேள்வியைத்தான் தாகூர் காந்தியிடம் எழுப்பினார்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை எடுத்துக்கொண்டு இயேசு தம்மிடம் பேசியவர்களிடம் கேட்டதும் இதை ஒட்டியதே. எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லோரையும் விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? இல்லை என்று அவரே பதில் சொல்லி, கேட்டவர்களை அவரவர் வாழ்க்கையின் பக்கம் திருப்புகிறார். 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் சுனாமிக்குப் பலியானவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாதாவைத் தரிசிக்க வந்திருந்த யாத்திரிகர்கள். அவர்களையும் அந்தக் கரையோர மீனவர்களையும் நினைத்துக்கொண்டு, சோதோமை எந்தப் பேரிடரோடும் ஒப்பிட முடியுமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுப் பார்க்கலாம். தீர்க்கதரிசிகள் சோதோமின் பெயரைச் சொல்லி அதட்டியது தங்கள் சொந்த நகரத்தின் அதிகாரிகளை. செத்துக் கிடந்தவர்களை அல்ல.

புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்கள் ஆதியாகமத்தின் 18, 19ஆம் அத்தியாயங்களைச் சேர்த்தே வாசியுங்கள். 19ஐ மட்டும் தனியே எடுக்க வேண்டாம். அடுத்து எசேக்கியேல் 16, பிறகு நான்கே அத்தியாயங்கள் கொண்ட யோனா. குர்ஆனில் 11ஆம் அத்தியாயமான ஹூத் போதுமான தொடக்கம். நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையைப் பள்ளியில் படித்தவர்கள், ஆபிரகாமின் வாதத்தை வாசித்த கையோடு அதை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.